மலருக்குப் பத்து வரி

கம்பெனிக்கு ஐம்பது வயதாம்.
கொழும்பிலிருந்து கடிதம் வந்திருக்கிறது:
மனித நலத்துக்கும் கால்நடை நலத்துக்கும்
எங்கள் நீண்டகாலப் பங்களிப்பு பற்றி
ஆண்டு மலருக்குப் பத்து வரி எழுதித் தரவும்.
கூடவே ஒரு பேனா.
மூடியில் நீல மான்.

இருபத்திரண்டு வருஷமாய் இந்த மானோடு இருக்கிறேன்,
மஸ்கெலியாவுக்கு மேலே, மருந்துக் காம்பராவில்.
டப்பாவில் மான். கலண்டரில் மான்.
சன்னாசியின் மாட்டுப்பட்டியில்
தகரத்து ஓட்டையை அடைத்திருக்கும் அட்டையிலும் மான்,
மழையில் ஊறி, ஒரு கால் போய்.

முதலில் புழுவைச் சொல்ல வேண்டும்.
வெறுங்காலோடு கொழுந்து மலை ஏறும்போது
பாதத்தால் நுழைந்து,
குடலில் கொக்கி மாட்டி,
வாடகை இல்லாமல் குடியிருக்கும்.
நான் வந்த வருஷம் அஞ்சுகத்தின் இரத்தம் 6.2.
கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன்:
கழுவின அரிசி.

லொறி வந்தது.
ஒரே மருந்து, இரண்டு உறை.
ஆட்களுக்கு வெள்ளை மாத்திரை,
மாடுகளுக்குப் போத்தலில் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி.
டொக்டர் ஹேரத் மாட்டின் நெஞ்சைச் சுற்றி நாடா பிடித்து
எடையைக் கணக்குப் போட்டு ஊற்றினார்.
நான் எடை பார்க்கவில்லை, ஆளுக்கு ஒன்று.
இந்த மலையில் ஆட்களை யாரும் நிறுப்பதில்லை,
அவர்கள் பறித்ததைத்தான்.

கேள்வி மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்று.
அவர் சன்னாசியிடம்: சினையா, எத்தனை மாசம்?
நான் பெண்களிடம்: நாள் தள்ளிப் போயிருக்கா?
சன்னாசி விரல் விட்டு எண்ணிச் சொன்னான்.
பெண்கள், கங்காணி பக்கத்தில் நிற்கிறாரா என்று
பார்த்துவிட்டுச் சொன்னார்கள்.

போத்தலின் ஒட்டுத்தாளில் எழுதியிருந்தது:
மருந்து கொடுத்த மாட்டின் பாலை
மூன்று நாளைக்கு நிலையத்துக்கு ஊற்றக்கூடாது.
மாட்டுக்கு மூன்று நாள்.
அஞ்சுகம் அடுத்த நாள் விடியமுன் பிரட்டில் நின்றாள்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

ஆனாலும் எழுதத்தான் வேண்டும்:
7.9.
9.4.
மூன்றாம் வருஷம் 11.3.
ஏட்டில் அந்த எண்ணுக்குக் கீழே
ரூல் தடி வைத்துக் கோடு போட்டேன், சிவப்பில்.
யாரும் போடச் சொல்லவில்லை.

கினிகத்தேனையில் மண் சரிந்து பாதை அடைபட்ட வருஷம்
பெட்டி வராது என்றுதான் இருந்தேன்.
லக்சிறி என்று ஒரு பொடியன், கம்பெனி ரெப்,
தலையில் பெட்டியோடு சரிவைக் கடந்து,
அந்தப் பக்கம் கிடைத்த பால் லொறியில் தொற்றிக்கொண்டு வந்தான்.
கழுத்துப்பட்டி முழுக்கச் சேறு.
ரசீதில் கையெழுத்துக் கேட்டான், தண்ணீர் கேட்கவில்லை.
அவன் பெயரை மலரில் போடமாட்டார்கள்.
நான் போடுகிறேன்.

சன்னாசியின் மாடு இரண்டு லீற்றர் கூடக் கறந்தது.
நிலையத்தில் கொழுப்புப் பார்த்து விலையைக் கூட்டினார்கள்.
அஞ்சுகமும் இரண்டு கிலோ கூடப் பறித்தாள்.
அவள் நிரையில் எல்லாரும் பறித்தார்கள்.
கணக்கப்பிள்ளை ஏட்டைப் பார்த்தார்,
துரையும் பார்த்தார்.
அடுத்த மாசம்
பேருக்குப் பதினாறு கிலோ
பதினெட்டு ஆயிற்று.
எட்டாதவளுக்கு அரைப்பேர்.

கம்பெனிக்கு இதில் கை இல்லை, தெரியும்.
மருந்து புழுவைத்தான் வெளியேற்றும்.
காலியான இடத்தில்
யார் வந்து கொக்கி மாட்டுவார் என்பதெல்லாம்
ஒட்டுத்தாளில் வராது.

பத்து வரி எப்போதோ தாண்டிவிட்டது.
வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்,
நன்றி என்ற சொல்லை எங்காவது சேர்ப்பதென்றாலும் சேருங்கள்,
பொய்யில்லை அது.
11.3ஐ மட்டும் வெட்டாதீர்கள்.

பேனா நன்றாக எழுதுகிறது.
போன மாசப் பெட்டியில்
நாற்பது மாத்திரை குறைவு.